பல் சொத்தை: குமரி மாவட்டத்துக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தோவாளையில் தொடங்கித் தூத்தூர் வரை, பல்லைப் பற்றிய பேச்சு எங்கே எழுந்தாலும் வரும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றுதான். அவற்றையும் அவற்றுக்கான பதில்களையும் இங்கே ஓரிடத்தில் வைத்திருக்கிறேன். சில பதில்கள் நீளம், சில நாலு வரி. இப்போது வலியோடு படிக்கிறவர்கள் நேராகக் கிராம்பு, மாத்திரை பற்றிய கேள்விகளுக்குப் போய்விடுங்கள். மற்றதை வலி நின்ற பிறகு படிக்கலாம்.

பல்லில் பூச்சி அரிக்கிறது என்கிறார்களே, உண்மையா?

பூச்சியும் இல்லை, புழுவும் இல்லை. எல்லார் வாயிலும் கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியாக்கள் குடியிருக்கின்றன. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் என்பது சொத்தை விஷயத்தில் பேர்போன ஒன்று. நாம் தின்னும் சர்க்கரையை அவையும் தின்று அமிலமாக மாற்றுகின்றன. பல்லின் மேலுறையான எனாமல், உடம்பிலேயே மிகக் கடினமான பொருள். ஆனாலும் அமிலத்தைத் தாங்காது. அமிலத்தைக் காட்டும் பிஎச் அளவு (எண் குறையக் குறைய அமிலம் கூடுதல்) வாயில் சுமார் 5.5-க்குக் கீழே இறங்கினால் எனாமலில் இருக்கும் கால்சியமும் பாஸ்பேட்டும் கரையத் தொடங்கும். பிறகு உமிழ்நீர் வந்து அமிலத்தை மட்டுப்படுத்தி, போன தாதுக்களில் ஒரு பகுதியைத் திரும்பக் கொண்டுவந்து சேர்க்கும். இதற்கு அரை மணி நேரமோ அதற்குச் சற்று மேலோ ஆகும்.

இந்தப் போக்கும் வரவும் நாள் முழுக்க நடக்கிறது. போக்கு அதிகமாகிவிட்டால் முதலில் சுண்ணாம்பு நிறத்தில் ஒரு புள்ளி தெரியும், அப்புறம் பழுப்பு, அப்புறம் குழி. வெள்ளைப் புள்ளியாக இருக்கும்போது பிடித்துவிட்டால் பல் தானாகவே தேறிவிடும். குழி விழுந்த பிறகு எந்தப் பேஸ்ட்டும் எந்த மூலிகையும் அதை மூடாது. அடைத்துத்தான் ஆக வேண்டும்.

கண்டங்கத்திரி விதைப் புகையைப் பிடிக்கச் சொல்லி, தண்ணீரில் விழுந்த புழு என்று எதையோ காட்டுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் காட்டுவது பல்லிலிருந்து வந்ததல்ல. புகை தற்காலிகமாக மரத்துப்போன உணர்வைத் தரலாம். குழி அப்படியேதான் இருக்கும்.

அப்படியானால் இனிப்பை அடியோடு விட்டுவிட வேண்டுமா?

வேண்டாம். விடச் சொன்னால் யாரும் விடப்போவதும் இல்லை. இந்தப் பக்கம் முழுவதிலும் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் மனதில் வைக்கலாம் என்றால் இதைத்தான் சொல்வேன்: எவ்வளவு என்பதை விட எத்தனை தடவை என்பதுதான் பல்லுக்கு முக்கியம். ஒரு துண்டு அல்வாவைச் சாப்பாடு முடிந்த கையோடு தின்றால் பல்லுக்கு ஒரே ஒரு அமிலத் தாக்குதல். அதே துண்டைப் பொட்டலத்தில் வைத்துக்கொண்டு மதியம் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிய்த்துத் தின்றால், உமிழ்நீர் சரிசெய்து முடிப்பதற்குள் அடுத்த தாக்குதல் வந்துவிடும். அளவு ஒன்றுதான், கேடு பல மடங்கு.

நம் ஊரில் இதற்கு முதல் காரணம் மிட்டாய் அல்ல, சாயா. விடிந்ததும் ஒன்று, பத்து மணிக்கு ஒன்று, மூன்றரைக்கு ஒன்று, பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது ஒன்று. ஒரு சாயாவுக்கு இரண்டு தேக்கரண்டி சர்க்கரை என்றால் சுமார் 8 கிராம். நான்கு சாயாவுக்கு 32 கிராம். வளர்ந்த ஒருவர் ஒரு நாளைக்குச் சேர்க்கும் சர்க்கரை 50 கிராமைத் தாண்டக்கூடாது, 25 கிராமுக்குள் நிறுத்தினால் இன்னும் நல்லது என்பதே உலக சுகாதார நிறுவனம் 2015-ல் கொடுத்த வழிகாட்டுதலின் சாரம். கூட ஒரு பழம்பொரி, வீட்டில் ஒரு பாயசம் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். சாயாவை நிறுத்தச் சொல்லவில்லை. நான்கில் இரண்டையாவது சர்க்கரை இல்லாத கட்டன் சாயாவாக மாற்றுங்கள். முதல் வாரம் கசக்கும், பிறகு பழகிவிடும்.

குளிர்பானம் தனி ரகம். 250 மில்லி கோலாவில் 25 கிராமுக்கு மேல் சர்க்கரை இருக்கிறது. போதாக்குறைக்கு அந்தப் பானமே அமிலம், பிஎச் 2.5 அளவில். சர்க்கரை இல்லாத டயட் வகையிலும் அமிலம் உண்டு என்பதைக் கவனியுங்கள். நன்னாரி சர்பத்தையும் இந்தக் கணக்கில்தான் சேர்க்க வேண்டும், சொல்ல எனக்கே கஷ்டமாக இருக்கிறது.

கருப்பட்டியும் தேனும் அக்கானியும் (பதநீரும்) இயற்கையானவைதானே?

இயற்கையானவைதான். பாக்டீரியாவுக்கும் அவை இயற்கையான உணவுதான்! கருப்பட்டியில் பெரும்பங்கு சுக்ரோஸ், அதாவது வெள்ளைச் சர்க்கரையில் இருக்கும் அதே பொருள். அக்கானியைக் காய்ச்சித்தான் கருப்பட்டி எடுக்கிறோம், ஆகவே அதிலும் அதேதான். இரும்புச் சத்து, மணம், ருசி எல்லாம் கருப்பட்டிக்கு உண்டு. அதற்காக விரும்பிக் குடியுங்கள். 'கருப்பட்டிக் காப்பி குடித்தால் பல் கெடாது' என்ற நம்பிக்கையில் மட்டும் குடிக்காதீர்கள். சில்லுக் கருப்பட்டியை வாயில் ஒதுக்கிக்கொண்டு மெதுவாகக் கரைப்பது இருக்கிறதே, அது பல்லுக்குச் செய்யக்கூடியவற்றில் மிக மோசமானது.

மார்த்தாண்டம் தேனுக்கும் இதே பதில்தான். கூடுதலாக ஒன்று: பிறந்த பிள்ளையின் நாக்கில் தேன் தொட்டு வைக்கும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். ஒரு வயது முடியும் வரை குழந்தைக்குத் தேன் கூடாது. காரணம் பல் அல்ல, பாட்டுலிசம் என்னும் ஆபத்தான நச்சுத் தொற்று. பல் முளைத்த பிறகு சூப்பானில் தேன் தடவிக் கொடுத்தால் முன்பற்கள் வரிசையாகப் போய்விடும்.

நேந்திரங்காய் உப்பேரி, மரச்சீனி, மட்டிப்பழம்?

மரச்சீனிக் கிழங்கை அவித்து மீன்கறியோடு சாப்பிடுவதில் பல்லுக்குப் பெரிய கவலை இல்லை. அது ஒரு வேளைச் சாப்பாடு. அதையே சீவி வறுத்தெடுத்து மாலை முழுக்கக் கொறித்தால் கதை வேறு. வறுத்த மாவுப்பொருள் கடைவாய்ப்பல்லின் பள்ளங்களில் அப்பிக்கொண்டு வெகுநேரம் இருக்கும். உமிழ்நீரே அதைச் சர்க்கரையாக உடைத்துக் கொடுக்கும். உப்பேரியும் அப்படித்தான். சர்க்கரைப் புரட்டியில் மாவு, வெல்லம் இரண்டும் சேர்ந்து ஒட்டுவதால் அது இரட்டைக் கேடு. ஓணத்துக்கும் கல்யாணத்துக்கும் தின்பது பிரச்சினை இல்லை. டப்பாவில் போட்டு மேசையில் வைப்பதுதான் பிரச்சினை.

முழுப் பழம் நல்லது. பழத்தின் சர்க்கரை நாருக்குள் அடைபட்டிருக்கிறது, மெல்லும்போது உமிழ்நீரும் நன்றாகச் சுரக்கும். மட்டிப்பழத்தைப் பிசைந்து குழந்தைக்குக் கொடுக்கும் நம் வழக்கத்தை மாற்ற வேண்டியதில்லை; ஊட்டிய பிறகு நாலு கரண்டித் தண்ணீர் கொடுங்கள், போதும்.

எந்தப் பேஸ்ட் வாங்க வேண்டும்?

பிராண்டு பெயரைப் பார்க்காதீர்கள், அட்டையின் பின்பக்கத்தைப் பாருங்கள். ஃபுளோரைடு இருக்கிறதா, எவ்வளவு பிபிஎம் (பத்து லட்சத்தில் எத்தனை பங்கு) என்று இருக்கும். பெரியவர்களுக்கு 1000 பிபிஎம் அளவில் இருந்தால் போதும். கடைகளில் சாதாரணமாக விற்கும் பேஸ்ட்டுக்கு இந்தியாவில் விதித்திருக்கும் உச்சவரம்பும் அதுதான். ஃபுளோரைடு எனாமலின் மேற்பரப்பில் சேர்ந்து, அமிலத்துக்கு எளிதில் கரையாத படலத்தை உண்டாக்குகிறது. போன தாதுக்கள் திரும்பி வருவதையும் விரைவுபடுத்துகிறது. சொத்தையைத் தடுக்கும் என்று உறுதியாக நிரூபிக்கப்பட்ட சரக்கு பேஸ்ட்டில் இது ஒன்றுதான். கிராம்பு, உப்பு, கரி, வேம்பு, இருபது மூலிகை என்று விளம்பரம் வந்தால் வரட்டும். அதோடு ஃபுளோரைடும் இருந்தால் வாங்குங்கள், இல்லாவிட்டால் அது வாய் மணக்க வைக்கும் பசை, அவ்வளவே. விலை குறைந்த சின்ன டியூப் போதும்.

ஃபுளோரைடு நஞ்சு, தருமபுரியில் பல்லெல்லாம் காவியேறிப் போனதே அதனால்தானே?

நியாயமான பயம். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதி நிலத்தடி நீரில் இயற்கையாகவே ஃபுளோரைடு மிகுதி. அதைக் குடித்து வளர்ந்த பிள்ளைகளின் பல்லில் கறை படிந்தது, சிலருக்கு எலும்பும் பாதிக்கப்பட்டது. அதற்காகவே ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்த் திட்டம் கொண்டுவரப்பட்டது. குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு தண்ணீருக்கு வழியே இல்லை என்றால் 1.5 வரை என்பது இந்தியத் தர நிர்ணயம்.

ஆனால் நாள்தோறும் லிட்டர் கணக்கில் விழுங்குவதும், பேஸ்ட்டைத் தேய்த்துத் துப்புவதும் ஒன்றல்ல. பல்லில் கறை விழுவது தாடைக்குள் நிலைப்பல் உருவாகிக்கொண்டிருக்கும் வயதில், ஏறக்குறைய எட்டு வயதுக்குள். அதனால்தான் சின்னப் பிள்ளைகளுக்குப் பேஸ்ட்டின் அளவைக் குறைக்கச் சொல்கிறோம். அமெரிக்காவின் கிராண்ட் ராப்பிட்ஸ் நகரத்தில் 1945-லேயே குடிநீரில் ஃபுளோரைடு சேர்க்கத் தொடங்கினார்கள். நம் நாட்டில் அந்த வழி தேவையில்லை. பேஸ்ட் வழியாகப் போனால் போதும். வீட்டுக் கிணறு அல்லது ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரைப் பற்றிச் சந்தேகம் இருந்தால், தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் பரிசோதனைக் கூடத்தில் கொடுத்துப் பார்த்துவிடுங்கள். ஊருக்கு ஊர், கிணற்றுக்குக் கிணறு மாறும்.

காலையில் நன்றாகத் தேய்க்கிறேன். இரவிலும் கட்டாயமா?

இரண்டில் ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால் இரவைத் தேர்ந்தெடுங்கள். தூங்கும்போது உமிழ்நீர் மிகவும் குறைந்துவிடும். பகலில் காவல் நிற்கும் ஆள் இரவில் இல்லை. அந்த நேரத்தில் பல்லில் ஒட்டிய சோறும் சர்க்கரையும் எட்டு மணி நேரம் அப்படியே கிடக்கும். நம் வீடுகளில் காலைப் பல்தேய்ப்பு ஒரு சடங்காகவே இருக்கிறது. இரவில் நூற்றில் எத்தனை வீட்டில் நடக்கிறது என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

மென்மையான நார் உள்ள பிரஷ், இரண்டு நிமிடம், ஈறும் பல்லும் சேரும் இடத்தில் சற்றுச் சாய்த்துச் சின்னச் சின்ன வட்டமாக. அழுத்திக் குறுக்கே இழுக்க வேண்டாம். முடிந்ததும் துப்புங்கள், செம்பு நிறையத் தண்ணீர் எடுத்துக் கொப்பளிக்காதீர்கள். கொப்பளித்தால் போட்ட ஃபுளோரைடு எல்லாம் வாய்க்காலுக்குப் போய்விடும். இது பலருக்குப் புதிதாக இருக்கும், முதலில் கொஞ்சம் அருவருப்பாகவும் இருக்கும். அப்புறம் படுக்கும் வரை தண்ணீர் தவிர எதுவும் கூடாது. பிரஷ்ஷை மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள், நார் விரிந்துவிட்டால் அதற்கு முன்பே.

உமிக்கரி, மாவிலை, வேப்பங்குச்சி வைத்தே தாத்தா எண்பது வயது வரை பல்லோடு இருந்தாரே?

இருந்திருப்பார். அவர் காலத்தில் ஒரு நாளைக்கு எத்தனை முறை சர்க்கரை வாய்க்குள் போனது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். பிஸ்கட்டும் குளிர்பானமும் இல்லாத வாய்க்கு மாவிலையே போதுமாக இருந்தது. நம் வாய்க்குப் போதாது.

வேப்பங்குச்சியை மென்று நாராக்கி மெதுவாகத் தேய்த்தால் அழுக்கு போகும், கெடுதல் இல்லை. பழுத்த மாவிலையும் சரி. உமிக்கரியில்தான் எனக்கு உடன்பாடு இல்லை. நெல் உமியில் சிலிக்கா அதிகம். எரித்த பிறகும் அது போகாது. விரலால் அழுத்தி வருடக்கணக்காகத் தேய்த்தால் எனாமல் தேய்ந்து, ஈறின் ஓரத்தில் வெட்டுப் பட்டதுபோல் பள்ளம் விழும். பல் பளிச்சென்று தெரிவது உண்மை, கூச்சம் வருவதும் உண்மை. செங்கல் பொடிக்கும் இதுவே. பழக்கத்தை விட மனமில்லாதவர்கள் காலையில் குச்சியோ மாவிலையோ வைத்துக்கொள்ளுங்கள். இரவுக்கு ஃபுளோரைடு பேஸ்ட் இருக்கட்டும்.

பால்பல் எப்படியும் விழப்போகிறது. அதற்கு எதற்குச் செலவு?

நான் அதிகம் வாதாட நேர்வது இந்தக் கேள்வியோடுதான். பின்பக்கப் பால்பற்கள் பத்து, பன்னிரண்டு வயது வரை வாயில் இருக்க வேண்டியவை. மூன்று வயதில் சொத்தையான பல்லோடு குழந்தை அத்தனை வருடம் எப்படிச் சாப்பிடும், எப்படித் தூங்கும்? வலியால் ஒருபக்கமாகவே மெல்லும் பிள்ளை எடை ஏறாமல் நிற்பதைப் பார்க்கலாம். பால்பல்லின் வேரில் சீழ் பிடித்தால் அதன் அடியில் உருவாகும் நிலைப்பல்லும் பழுதாகலாம். பால்பல்லை முன்கூட்டியே பிடுங்கினால் பக்கத்துப் பற்கள் சாய்ந்து இடத்தை அடைத்துக்கொள்ளும், புதிதாக முளைப்பது கோணலாக வரும். பிறகு கம்பி போட ஆகும் செலவோடு ஒப்பிட்டால், இன்று அடைக்க ஆகும் செலவு சின்னது.

உலகம் முழுவதும் இதே நிலைதான். பால்பற்களில் சிகிச்சை பெறாத சொத்தையோடு 50 கோடிக்கு மேற்பட்ட பிள்ளைகள் இருப்பதாக உலக சுகாதார நிறுவனத்தின் 2022-ஆம் ஆண்டு அறிக்கை சொல்கிறது. நிலைப்பற்களில் அதேபோல் இருப்பவர்கள் சுமார் 200 கோடி பேர்.

குழந்தைக்கு எப்போது பல்தேய்க்கத் தொடங்க வேண்டும்?

முதல் பல் தலைகாட்டிய அன்றே. பொதுவாக ஆறு மாத வாக்கில் வரும். மூன்று வயது வரை ஓர் அரிசி மணி அளவு பேஸ்ட்; மூன்றிலிருந்து ஆறு வரை பட்டாணி அளவு. விளம்பரத்தில் காட்டுவதுபோல் பிரஷ் முழுக்க நெளித்து வைக்காதீர்கள். ஏழு, எட்டு வயது வரை தேய்த்துவிடுவது பெரியவர்கள் வேலை; தானாகத் தேய்க்கும் பிள்ளை முன்பல்லை மட்டும் தேய்த்துவிட்டு ஓடிவிடும்.

பால் பாட்டிலை வாயில் வைத்தபடியே தூங்கவைப்பதுதான் மேல்முன்பற்கள் கறுத்துப் பொடிவதற்கு முக்கியக் காரணம். சர்க்கரை போட்ட பால், ஹார்லிக்ஸ், பழச்சாறு எதுவாக இருந்தாலும் சரி. படுக்கையில் பாட்டில் வேண்டுமென்று அழுதால் வெறும் தண்ணீர். நாலு நாள் அழுகை இருக்கும், பாட்டி திட்டுவார், பொறுத்துக்கொள்ளுங்கள். இன்னொன்றையும் மறந்துவிடுகிறோம்: இரவில் கொடுக்கும் இருமல் சிரப்பிலும் சர்க்கரை உண்டு. கொடுத்த பிறகு வாயைத் துடைத்துவிடுங்கள்.

ஆறு வயதில் எந்தப் பல்லும் விழாமலேயே பின்னால் ஒரு பல் முளைக்கிறது. அதுவும் பால்பல்லா?

இல்லை, அது வாழ்நாள் முழுக்க இருக்க வேண்டிய முதல் நிலைக் கடைவாய்ப்பல். பால்பற்களுக்குப் பின்னால் சத்தமில்லாமல் வருவதால் பெற்றோர் பால்பல் என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். பத்து வயதில் பார்த்தால் பாதி இருக்காது. இந்தப் பல்லின் மேல் ஆழமான பள்ளங்கள் உண்டு, பிரஷ் நார் உள்ளே போகாது. முளைத்த சில மாதங்களுக்குள் பல் மருத்துவரிடம் போய், அந்தப் பள்ளங்களை மூடும் சீலன்ட் என்ற பூச்சைப் பூசச் சொல்லுங்கள். ஊசி இல்லை, டிரில் இல்லை, சில நிமிட வேலை. பன்னிரண்டு வயதில் அடுத்த கடைவாய்ப்பல் வரும்போது இன்னொரு தடவை.

சொத்தையில் மருந்து தொட்டு வைத்தார்கள், பல் கறுத்துவிட்டது. ஏமாற்றிவிட்டார்களா?

இல்லை. அது பெரும்பாலும் சில்வர் டயமைன் ஃபுளோரைடாக இருக்கும். வெள்ளி பாக்டீரியாவைக் கொல்லும், ஃபுளோரைடு பல்லைக் கெட்டியாக்கும். கறுத்தது என்றால் சொத்தை நின்றுவிட்டது என்று பொருள். நாற்காலியில் உட்காரவே மறுக்கும் சிறுபிள்ளைகளுக்கு டிரில் இல்லாமல் சொத்தையை நிறுத்த இதைவிட மலிவான வழி இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2021-ல் இதை அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் சேர்த்தது. கறுப்பாகும் என்பதை முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும், அது மட்டுமே குறை.

முறுக்கான் (வெற்றிலை பாக்கு) போடுகிறவர்களுக்குச் சொத்தை வராது என்கிறார்களே?

சொத்தை குறைவாக இருக்கலாம். ஆனால் பல் தேய்ந்து மொட்டையாகும், ஈறு கரைந்து பல் ஆடும், வாய் திறக்க முடியாமல் இறுகும், கடைசியில் புற்றுநோய். இந்த விஷயத்தில் நம் மாவட்டத்துக்கு ஒரு வரலாறே இருக்கிறது. நெய்யூர் மிஷன் மருத்துவமனையில் பணிபுரிந்த பென்டால் என்ற மருத்துவர், திருவிதாங்கூரில் கண்ட 1,700 புற்றுநோயாளிகளைப் பற்றி 1908-ல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதினார். அதே நெய்யூரில் இருந்த ஆர் (Orr) என்ற மருத்துவர், வெற்றிலை பாக்குப் பழக்கத்துக்கும் வாய்ப் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை 1933-ல் லான்செட் இதழில் எழுதினார். உலக மருத்துவம் இந்தத் தொடர்பைப் படித்தறிந்த தொடக்க காலத்து இடங்களில் ஒன்று நம் கல்குளம் தாலுகா. புகையிலை சேர்க்காத பாக்கும் புற்றுநோய் உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2004-ல் வகைப்படுத்திவிட்டது. "நான் வெறும் பாக்குதான் போடுகிறேன்" என்பது இனி ஒரு பதில் அல்ல.

வாயில் வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண் எதுவாயினும் வலி இல்லாவிட்டாலும் உடனே காட்டுங்கள்.

பல்வலிக்குக் கிராம்பு வைக்கலாமா?

வைக்கலாம். மாறாமலைக் கிராம்பு விளையும் மாவட்டத்தில் இதைக் கேட்கவே வேண்டாம். கிராம்பில் இருக்கும் யூஜினால் நரம்பை மரத்துப்போகச் செய்யும். பல் மருத்துவர்கள் தற்காலிகமாக அடைக்கப் பயன்படுத்தும் சிமென்ட் ஒன்றிலும் அதே பொருள்தான். ஒரு கிராம்பை வலிக்கும் பல்லின்மேல் மெதுவாகக் கடித்து வைத்துக்கொள்ளுங்கள். எண்ணெய் என்றால் பஞ்சில் ஒரு சொட்டு, அதையும் தேங்காய் எண்ணெயில் கலந்து. நேரடியாக ஊற்றினால் ஈறு வெந்துவிடும். சின்னப் பிள்ளைகளுக்குக் கிராம்பு எண்ணெய் வேண்டாம். இது டாக்டரைப் பார்க்கும் வரை நேரத்தைக் கடத்தும் வழி. வலி நின்றதும் குணமாகிவிட்டது என்று நினைப்பதில்தான் ஆபத்து: சில சமயம் வலி நிற்பது, உள்ளே நரம்பு செத்துவிட்டதால்.

மெடிக்கல் ஷாப்பில் கேட்டு ஆன்டிபயாட்டிக் வாங்கிப் போட்டால் போதாதா?

போதாது. குழிக்குள் இருக்கும் கிருமியை மாத்திரை எட்டாது. வலி குறைந்ததுபோல் இருக்கும், ஒரு மாதத்தில் திரும்பும். வலிக்குப் பாராசிட்டமால் போடலாம். சிலர் ஆஸ்பிரின் மாத்திரையை ஈறில் ஒதுக்கி வைக்கிறார்கள். அது தோலையே பொசுக்கிவிடும்.

கன்னம் அல்லது தாடைக்குக் கீழே வீங்கி, காய்ச்சலும் வந்து, விழுங்கவோ வாய் திறக்கவோ கஷ்டமானால் இரவு என்று பார்க்காமல் பெரிய மருத்துவமனைக்குப் போங்கள். தாடைக்கு அடியில் வரும் வீக்கம் மூச்சை அடைக்கும், உயிருக்கே ஆபத்து. அந்த நேரத்தில் வெளியில் சூடு ஒத்தடம் கொடுக்காதீர்கள்.

கடலுக்குப் போனால் வாரக்கணக்கில் கரைக்கு வர முடியாது. என்ன செய்வது?

சின்னத்துறை, தூத்தூர், வள்ளவிளைப் பக்கத்து ஆழ்கடல் தொழிலாளிகளுக்கு இது வேடிக்கையான கேள்வி இல்லை. படகில் விடிய விடிய இனிப்புச் சாயா, தூக்கம் கெட்ட வேலை, வாய்க்குள் புகையிலை. நடுக்கடலில் பல் வீங்கினால் திரும்பி வருவதற்குள் டீசலும் போகும், மற்றவர்கள் கூலியும் போகும். வலை, ஐஸ், டீசல் பார்க்கிற மாதிரி பல்லையும் கிளம்பும் முன் பார்த்துவிடுங்கள்: குளிர்ந்த தண்ணீருக்குக் கூசும் பல், சோறு மாட்டும் குழி எதுவாக இருந்தாலும் மீன்பிடித் தடைக்காலத்திலேயே அடைத்துவிட வேண்டும். கிழக்குக் கரைக்கும் மேற்குக் கரைக்கும் தடைக்காலம் வேறு வேறு. எதுவாக இருந்தாலும் கையில் இருக்கும் சில வாரங்கள் அதற்குப் போதும். படகு மருந்துப் பெட்டியில் பாராசிட்டமால், கிராம்பு, கொஞ்சம் உப்பு இருக்கட்டும். குடிதண்ணீர் சிக்கனம் என்பதால் பிரஷ் செய்யாமல் விடுகிறார்கள். துப்பிவிட்டால் போதும் என்று மேலே சொன்னது இங்கே வசதிதான்.

ரப்பர் வெட்டுக்கு விடியுமுன் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. வெறும் வயிற்றுச் சாயாவுக்கு முன்பே பல்தேய்த்துவிடுங்கள். ஃபுளோரைடு முதலில் போய் உட்கார்ந்திருப்பது நல்லது.

மேல்பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை போகும் என்கிறார்களே? கிளீனிங் செய்தால் பல் ஆடுமாமே?

முதலாவது முற்றிலும் பொய். பல்லுக்குப் போகும் நரம்பும் பார்வை நரம்பும் வேறு வேறு. இரண்டாவதில் கண் ஏமாறுகிறது. பல்லுக்கிடையில் கல்லாகப் படிந்த காரை எடுக்கப்பட்டதும் இடைவெளி தெரிகிறது. ஏற்கெனவே ஈறு விட்டுப்போன பல்லைக் காரை ஒட்டிப் பிடித்திருந்தது, அவ்வளவுதான்.

கர்ப்பமாக இருக்கும்போது பல் சிகிச்சை செய்யலாமா?

செய்யலாம். நான்காவது மாதம் முதல் ஆறாவது மாதம் வரை வசதியான காலம். அவசரம் என்றால் எப்போது வேண்டுமானாலும். கர்ப்பம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். வாந்தி எடுத்த உடனே பிரஷ் செய்யாமல் வாயைக் கொப்பளித்து அரை மணி நேரம் கழித்துத் தேயுங்கள். 'பிள்ளை ஒன்றுக்குப் பல் ஒன்று' போகும் என்பது விதி இல்லை. பல்லிலிருந்து கால்சியத்தைப் பிள்ளை எடுத்துக்கொள்வதில்லை.

சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு?

ஈறு நோய் சீக்கிரம் வரும். ஈறு நோய் இருந்தால் சர்க்கரையும் கட்டுக்குள் வராது. இரண்டும் ஒன்றையொன்று கெடுக்கும். வாய் வறட்சியால் வேர்ப்பகுதியில் சொத்தை வரும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை காட்டுங்கள்.

எங்கே காட்டலாம்? செலவுக்குப் பயமாக இருக்கிறது.

அரசு மருத்துவமனைகளில் பல் பிரிவு உண்டு. ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை நாகர்கோவில் பக்கத்தவர்களுக்கு வசதி. தக்கலை, குழித்துறை மருத்துவமனைகள் மேற்குப் பக்கத்தவர்களுக்கு. கிளம்பும் முன் பல் டாக்டர் எந்த நாட்களில் இருப்பார் என்று விசாரித்துக்கொள்ளுங்கள். குலசேகரத்தில் தனியார் பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. இப்படிப்பட்ட கல்லூரிகளில் மாணவர்கள் ஆசிரியர் மேற்பார்வையில் செய்வார்கள், நேரம் கூடுதலாகும், கட்டணம் பொதுவாகக் குறைவு.

செலவு விஷயத்தில் வரிசை இதுதான்: சின்னக் குழியை அடைப்பதற்கு ஆவது மிகக் குறைவு; நரம்பு வரை போனால் ரூட் கேனாலும் கேப்பும், அதைப்போலப் பல மடங்கு; பிடுங்கிவிட்டுச் செயற்கைப் பல் கட்டுவதும் மலிவல்ல. வலிக்காதபோது போகிறவர் கொஞ்சமாகக் கொடுப்பார், வலித்த பிறகு போகிறவர் நிறையக் கொடுப்பார்.

தனி ஆளாகச் செய்வதெல்லாம் சரி. பள்ளியும் பஞ்சாயத்தும் என்ன செய்ய முடியும்?

நிறையச் செய்ய முடியும். சொத்தையைச் சோம்பேறித்தனம் என்று திட்டிவிட்டுப் போவதில் பயனில்லை. பள்ளி வாசலில் பத்து அடிக்கு ஒரு மிட்டாய் ஜாடி இருந்தால் பிள்ளை என்ன செய்யும்?

பிலிப்பைன்ஸ் பள்ளிகளில் பிள்ளைகள் வரிசையாக நின்று ஃபுளோரைடு பேஸ்ட்டில் ஒன்றாகப் பல்தேய்க்கிறார்கள். ஸ்காட்லாந்தின் மழலையர் பள்ளிகளிலும் இதேபோல் நடக்கிறது. நம்மிடம் அரசுத் தொடக்கப்பள்ளியில் காலை உணவு கொடுக்கப்படுகிறது, எல்லாப் பிள்ளைகளும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் இருக்கிறார்கள், கைகழுவக் குழாயும் இருக்கிறது. அதோடு பிரஷ் தாங்கி ஒன்றும் பெரிய டியூப் ஒன்றும் சேர்த்தால் போதும். பெற்றோர் ஆசிரியர் கழகம் மனது வைத்தால் அடுத்த வாரமே தொடங்கலாம், அரசாணைக்குக் காத்திருக்க வேண்டாம். அங்கன்வாடியில் இன்னும் எளிது.

2013-ல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின் நடமாடும் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கும் அரசுப் பள்ளிக்கும் வந்து பற்களையும் பார்க்கிறது. அரசுப் பள்ளி மாணவர்களின் பல் பரிசோதனைக்காகத் தமிழக அரசு 2023-ல் 'புன்னகை' என்ற திட்டத்தையும் தொடங்கியது. பரிசோதனையில் 'சொத்தை உண்டு' என்று சீட்டு எழுதிக் கொடுத்த பிறகு எத்தனை பிள்ளைகள் சிகிச்சைக்குப் போனார்கள் என்பதை யாராவது பின்தொடர வேண்டும். எனக்குத் தெரிந்தவரை ஓட்டை அங்கேதான். வகுப்பாசிரியரிடம் ஒரு நோட்டில் பெயர்களும் போன தேதியும் இருந்தாலே பாதி வேலை முடியும். கோயில் கொடைக்கும் ஆலயத் திருவிழாவுக்கும் அன்னதானம் நடத்துகிற குழுக்கள், குழந்தைகளுக்குப் பரிசாக மிட்டாய்க்குப் பதில் பிரஷ்ஷும் பேஸ்ட்டும் கொடுக்கலாம்.

விளையாடும்போது பிள்ளையின் முன்பல் முழுதாகப் பெயர்ந்து விழுந்துவிட்டது. என்ன செய்ய?

நிலைப்பல்லாக இருந்தால் அவசரம், பால்பல்லாக இருந்தால் திரும்ப வைக்க வேண்டாம். நிலைப்பல்லை வெள்ளைப் பகுதியைப் பிடித்து எடுங்கள், வேரைத் தொடாதீர்கள், சுரண்டாதீர்கள். மண் ஒட்டியிருந்தால் பாலிலோ சுத்தமான தண்ணீரிலோ ஒரு தடவை அலசி, முடிந்தால் அந்தக் குழியிலேயே மெதுவாக வைத்துத் துணியைக் கடித்துப் பிடிக்கச் சொல்லுங்கள். முடியாவிட்டால் ஒரு தம்ளர் பச்சைப் பாலில் போட்டு எடுத்துப் போங்கள்; தண்ணீரிலோ காகிதத்திலோ வைத்தால் வேரின் செல்கள் செத்துவிடும். இளநீர் வெட்டி அதில் போடலாமா என்று நம் பக்கம் கேட்பார்கள். பால் கிடைக்கும்போது பால்தான். அரை மணி நேரத்துக்குள் மருத்துவரிடம் போனால் பல் பிழைக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது, ஒரு மணி நேரம் தாண்டினால் குறைந்துகொண்டே போகும். தாமதமாகிவிட்டது என்று பல்லைத் தூக்கி எறியாதீர்கள். அதையும் எடுத்துக்கொண்டே போங்கள்.